தேயிலை மண்ணில் தழைச்சத்தின் பயணம்

பகாங் மாநிலத்தின் வடமேற்கில் கேமரன் மலை அமைந்துள்ளது. 1885-ஆம் ஆண்டு நில அளவையாளர் வில்லியம் கேமரன் இப்பகுதியில் அளவைப் பணியை மேற்கொண்டார். அவர் பெயரே மலைக்கு நிலைத்துவிட்டது. 1929-ஆம் ஆண்டு ஜான் ஆர்ச்சிபால்ட் ரசல் இங்கே 'போ' தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். காட்டைத் திருத்திச் சரிவுகளில் கன்று நட்டு, கொழுந்து பறித்து இத்தொழிலை வளர்த்தவர்களில் தமிழ்த் தொழிலாளர்களுக்குப் பெரும் பங்குண்டு. கொழுந்து, கவாத்து போன்ற சொற்கள் அவர்களோடு மலையேறி வந்தவை.

இம்மலையின் நடுவே பெர்த்தாம் ஆறு ஓடுகிறது. பிரிஞ்சாங், தானா ராத்தா ஆகிய ஊர்களைக் கடந்து இறங்கும் அவ்வாறு, ரிங்லெட் நீர்த்தேக்கத்தை அடைகிறது. அணைக்குக் கீழே அது பாயும் பள்ளத்தாக்குக்கு லெம்பா பெர்த்தாம் என்று பெயர். ஆற்றின் இரு மருங்கிலும் உள்ள மலைச் சரிவுகளில் தேயிலைத் தோட்டங்களும் காய்கறித் தோட்டங்களும் மலர்ப் பண்ணைகளும் பரவிக் கிடக்கின்றன. இவை அனைத்துக்கும் தேவையான சத்துகளுள் முதன்மையானது தழைச்சத்து, அதாவது நைட்ரஜன்.

இத்தகைய சரிவு ஒன்றில் ஒரு மூட்டை உரத்தைத் தூவினால், அதிலுள்ள தழைச்சத்து முழுவதும் தேயிலைச் செடிக்குப் போய்ச் சேருமா? சேராது. ஒரு பகுதி செடிக்குப் போகும். ஒரு பகுதி மண்ணில் தங்கும். ஒரு பகுதி மழைநீரோடு ஆற்றில் இறங்கும். இன்னொரு பகுதி கண்ணுக்குத் தெரியாத வளியாகிக் காற்றில் கலக்கும். யாருக்கு எவ்வளவு என்ற இந்தப் பங்கீட்டைச் செய்பவை இரண்டு. ஒன்று, மண்ணுக்குள் வாழும் நுண்ணுயிர்கள்; மற்றொன்று, மலையின் வெப்பமும் மழையும். உரமிடும் மனிதன் இவ்விரண்டையும் புரிந்துகொண்டால்தான் அவன் செலவும் உழைப்பும் வீணாகாமல் இருக்கும்.

காற்றில் நிறைந்தும் கைக்கெட்டாத சத்து

நாம் சுவாசிக்கும் காற்றில் ஏறத்தாழ 78 விழுக்காடு நைட்ரஜன்தான். ஆயினும், தேயிலைச் செடியால் அதிலிருந்து ஒரு துளியையும் நேரடியாக எடுத்துக்கொள்ள முடியாது. காற்றிலுள்ள நைட்ரஜன் அணுக்கள் இரண்டிரண்டாக இணைந்திருக்கின்றன. அவற்றுக்கிடையே உள்ள மும்மடிப் பிணைப்பு மிகவும் வலிமையானது. அந்தப் பிணைப்பை உடைத்து, நைட்ரஜனை வேறொரு தனிமத்தோடு சேர்த்த பிறகே அது உயிர்களுக்குப் பயன்படும் உணவாகிறது. இச்செயலை நைட்ரஜன் நிலைநிறுத்தம் என்பர்.

இயற்கையில் இதைச் செய்யும் ஆற்றல் மின்னலுக்கு உண்டு. இடிமின்னலோடு பெய்யும் மழை சிறிதளவு தழைச்சத்தை மண்ணில் சேர்க்கிறது. ஆனால், பெரும்பணியைச் செய்பவை சில வகைப் பாக்டீரியாக்களே. அவற்றுள் சில மண்ணில் தனித்து வாழ்கின்றன. வேறு சில அவரை, பயறு, நிலக்கடலை போன்ற செடிகளின் வேர் முடிச்சுகளில் குடியிருக்கின்றன. செடி அவற்றுக்குச் சர்க்கரையைத் தருகிறது. அவை செடிக்குத் தழைச்சத்தைத் தருகின்றன. மலேசியாவின் ரப்பர், செம்பனைத் தோட்டங்களில் இளங்கன்றுகளுக்கிடையே அவரை இனக் கொடிகளை மூடுபயிராக வளர்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இருபதாம் நூற்றாண்டில் மனிதனும் இந்த வித்தையைக் கற்றான். 1909-ஆம் ஆண்டு ஜெர்மானிய வேதியியலாளர் ஃபிரிட்ஸ் ஹேபர், காற்றிலுள்ள நைட்ரஜனை ஹைட்ரஜனோடு சேர்த்து அம்மோனியாவை உருவாக்கிக் காட்டினார். கார்ல் போஷ் அம்முறையைத் தொழிற்சாலை அளவுக்கு விரிவாக்கினார். 1913-ஆம் ஆண்டு ஜெர்மனியின் ஒப்பாவ் என்னும் இடத்தில் அந்த ஆலை இயங்கத் தொடங்கியது. பாக்டீரியா இயல்பான வெப்பத்தில் செய்யும் வேலையைச் செய்ய, ஆலைக்குக் கடும் வெப்பமும் பேரழுத்தமும் தேவைப்பட்டன. இன்று தோட்டங்களில் பயன்படும் யூரியாவும் அம்மோனியம் சல்பேட்டும் இந்த அம்மோனியாவிலிருந்தே உருவாகின்றன.

மண்ணுக்குள் ஒரு தொழிற்கூடம்

வளமான மண்ணை ஒரு கிராம் அளவு எடுத்தால் அதில் நூறு கோடி வரையில் பாக்டீரியாக்கள் இருக்கக்கூடும். அவற்றோடு பூஞ்சைகளும் ஆர்க்கியா எனப்படும் தொல்லுயிரிகளும் வாழ்கின்றன. தழைச்சத்து இவற்றின் வழியாகப் படிப்படியாக உருமாறிச் செல்கிறது. இச்சுழற்சியே நைட்ரஜன் சுழற்சி எனப்படுகிறது.

உதிர்ந்த இலையிலும் இறந்த வேரிலும் உள்ள தழைச்சத்து புரதமாகப் பூட்டிக் கிடக்கிறது. பூஞ்சைகளும் பாக்டீரியாக்களும் அவற்றை மட்கச் செய்து அம்மோனியத்தை வெளிவிடுகின்றன. இது முதற்படி. உரமாகத் தூவப்படும் யூரியாவும் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் யூரியேஸ் என்னும் நொதியால் சில நாள்களுக்குள் அம்மோனியமாக மாறுகிறது.

இரண்டாம் படியில், வேறு வகை நுண்ணுயிர்கள் அம்மோனியத்தை உயிர்வளியோடு சேர்த்து நைட்ரேட்டாக்குகின்றன. இதற்கு நைட்ரேட்டாக்கம் என்று பெயர். இந்த நுண்ணுயிர்கள் தொண்டு செய்வதற்காக இதைச் செய்வதில்லை. அம்மோனியத்தை மாற்றும்போது கிடைக்கும் ஆற்றலைக் கொண்டே அவை உயிர் வாழ்கின்றன.

மூன்றாம் படி, உயிர்வளி இல்லாத இடத்தில் நடைபெறுகிறது. மண்ணில் நீர் தேங்கிக் காற்று புக இடமில்லாதபோது, சில பாக்டீரியாக்கள் உயிர்வளிக்கு மாற்றாக நைட்ரேட்டைப் பயன்படுத்திச் சுவாசிக்கின்றன. அப்போது நைட்ரேட் சிதைந்து மீண்டும் நைட்ரஜன் வளியாகிக் காற்றோடு கலக்கிறது. இதை நைட்ரேட் நீக்கம் என்பர். காற்றிலிருந்து வந்தது காற்றுக்கே திரும்புவதால் சுழற்சி நிறைவுறுகிறது. ஆனால், இவ்வேலை அரைகுறையாக முடியும் வேளைகளில் நைட்ரஸ் ஆக்சைடு என்னும் வேறொரு வளி வெளியாகிறது. அதன் விளைவு பின்னர் விளக்கப்படுகிறது.

மயங்கி விழுந்த மண்

நைட்ரேட் உருவாவதை அறிஞர்கள் நெடுங்காலம் வெறும் வேதியியல் மாற்றம் என்றே எண்ணியிருந்தனர். 1877-ஆம் ஆண்டு பிரான்சு நாட்டில் ஷ்லோசிங், முன்ட்ஸ் ஆகிய இருவர் ஓர் எளிய சோதனையைச் செய்தனர். மணல் நிரப்பிய நீண்ட குழாயின் வழியே கழிவுநீரை மெல்லக் கசியவிட்டனர். முதல் இருபது நாள் அளவுக்குக் கழிவுநீரிலிருந்த அம்மோனியா மாற்றமின்றி வெளிவந்தது. பிறகு நைட்ரேட் தோன்றத் தொடங்கியது. வேதியியல் மாற்றம் மட்டுமே என்றால் இத்தனை நாள் காத்திருக்க வேண்டியதில்லையே!

அடுத்து, அவர்கள் அக்குழாயில் மயக்க மருந்தான குளோரோஃபார்மின் ஆவியைச் செலுத்தினர். நைட்ரேட் உருவாவது நின்றுபோனது. வளமான மண்ணைக் கரைத்த நீரைச் சேர்த்ததும் மீண்டும் வேலை தொடங்கியது. மயக்க மருந்தால் நிற்பது உயிரின் செயலாகத்தான் இருக்க முடியும். இவ்வாறு மண்ணின் உழைப்பாளிகள் உயிருள்ளவர்கள் என்பது உறுதியானது. பின்னர், 1890-ஆம் ஆண்டையொட்டி ரஷ்ய அறிஞர் செர்கேய் வினோகிராட்ஸ்கி அப்பாக்டீரியாக்களைத் தனியே பிரித்து வளர்த்துக் காட்டினார்.

ஆயினும், ஒரு புதிர் எஞ்சியிருந்தது. ஆய்வுக்கூடத்தில் வளர்ந்த அந்தப் பாக்டீரியாக்கள் அமிலம் மிகுந்த சூழலில் வேலை செய்யத் திணறின. உலகின் பல அமில மண்களிலோ நைட்ரேட் தடையின்றி உருவாகிக்கொண்டிருந்தது. அங்கே வேலை செய்வது யார்? இதற்கான விடைகளுள் ஒன்று 2011-ஆம் ஆண்டு கிடைத்தது. ஸ்காட்லாந்தின் அமில வயல் மண்ணிலிருந்து, நைட்ரோசோடாலியா தேவனதெரா என்னும் தொல்லுயிரியை அறிஞர்கள் பிரித்து வளர்த்தனர். பி.எச். அளவு 4 முதல் 5.5 வரையுள்ள அமிலச் சூழலிலேயே அது செழித்தது. தேயிலைச் செடி விரும்புவதும் ஏறத்தாழ இதே அளவு அமிலத்தன்மைதான்.

தேயிலையும் அமில மண்ணும்

பெரும்பாலான பயிர்கள் அமில மண்ணில் வாடும். தேயிலையோ அதில்தான் தழைக்கும். பி.எச். அளவு 4.5 முதல் 5.5 வரையுள்ள மண் அதற்கு உகந்தது. கேமரன் மலையின் மண், கருங்கல் பாறை சிதைந்து உருவானது. மிகுந்த மழை அம்மண்ணிலிருந்த சுண்ணாம்பு போன்ற காரச் சத்துகளைக் கரைத்துச் சென்றதால் அது இயல்பாகவே அமிலத்தன்மை கொண்டது.

தேயிலைக்கு இன்னொரு தனி இயல்பும் உண்டு. பல பயிர்கள் தழைச்சத்தை நைட்ரேட்டாக எடுத்துக்கொள்ள, தேயிலை அம்மோனியத்தை விரும்பி எடுத்துக்கொள்கிறது. எடுத்த அம்மோனியத்தைக் கொண்டு அதன் வேர்கள் தியானின் என்னும் அமினோ அமிலத்தை உருவாக்குகின்றன. அது தண்டின் வழியே கொழுந்துக்கு ஏறுகிறது. தேநீரின் இனிய சுவைக்குத் தியானினும் ஒரு காரணம். தேநீர் தரும் புத்துணர்ச்சிக்குக் காரணமான காஃபீன் மூலக்கூறு ஒன்றிலும் நான்கு நைட்ரஜன் அணுக்கள் உள்ளன. காலையில் பருகும் ஒரு கோப்பைத் தேநீரில் மலைமண்ணின் தழைச்சத்து கலந்திருக்கிறது என்பது மிகைக்கூற்றன்று.

பதப்படுத்திய தேயிலையின் எடையில் ஏறத்தாழ 4 விழுக்காடு நைட்ரஜன் உள்ளது. இக்கணக்கின்படி, 1,000 கிலோகிராம் தேயிலைத் தூள் தோட்டத்தை விட்டு வெளியேறும்போது, அதனோடு ஏறத்தாழ 40 கிலோகிராம் நைட்ரஜனும் வெளியேறுகிறது. நெல்லில் விளைச்சல் கதிரில் இருக்கிறது. தேயிலையிலோ விளைச்சலே இலைதான். தழைச்சத்து மிகுந்த இளம்பகுதியைத்தான் மனிதன் திரும்பத் திரும்பக் கிள்ளி எடுக்கிறான். எடுத்ததை ஈடுசெய்யாவிட்டால் செடி மெலியும்; கொழுந்து குறையும்; அதை நம்பி வாழும் தொழிலாளியின் வருவாயும் குறையும். எனவே, உரமிடுவது தவிர்க்க முடியாத தேவையாகிறது.

யூரியாவில் 46 விழுக்காடு நைட்ரஜன் இருக்கிறது. அப்படியானால், 40 கிலோகிராம் நைட்ரஜனை ஈடுசெய்ய 87 கிலோகிராம் யூரியா போதும். 50 கிலோகிராம் மூட்டையில் இரண்டுகூடத் தேவையில்லை. காகிதத்தில் கணக்கு இவ்வளவு எளிது. மண்ணில் இறங்கியதும் நுண்ணுயிர்களும் வானிலையும் அக்கணக்கை மாற்றிவிடுகின்றன.

ஒரே உரம், மூன்று வாரங்கள்

ஒரே சரிவில், ஒரே அளவு யூரியாவை, வெவ்வேறு வானிலை நிலவும் மூன்று வாரங்களில் தூவுவதாகக் கொள்வோம்.

முதல் வாரம் வெயில் வாரம். மழையே இல்லை. யூரியா மணிகள் காய்ந்த சருகுகளின்மேல் கிடக்கின்றன. இரவுப் பனியின் ஈரத்தில் சிறிது கரைகின்றன. சருகிலுள்ள யூரியேஸ் நொதி அவற்றைச் சிதைக்கிறது. ஆனால், உருவாகும் அம்மோனியா மண்ணுக்குள் இறங்க நீரில்லை. அதில் ஒரு பகுதி மூக்கைத் துளைக்கும் மணத்தோடு காற்றில் பறந்துவிடுகிறது.

இரண்டாம் வாரம் மென்மழை வாரம். உரமிட்ட அன்று மாலை அளவாக மழை பெய்கிறது. யூரியா கரைந்து வேர்கள் இருக்கும் ஆழத்துக்கு இறங்குகிறது. அங்கே அது அம்மோனியமாகிறது. அம்மோனியம் நேர்மின் ஏற்றம் கொண்டது. களிமண்ணும் மட்கும் எதிர்மின் ஏற்றம் கொண்டவை. எனவே, அவை அம்மோனியத்தைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. செடி தனக்கு வேண்டியபோது எடுத்துக்கொள்கிறது. உழவன் விரும்பும் வாரம் இதுவே.

மூன்றாம் வாரம் அடைமழை வாரம். உரமிட்ட சில மணி நேரத்தில் வானம் பொத்துக்கொண்டு ஊற்றுகிறது. யூரியாவுக்கு மின் ஏற்றம் இல்லை; ஆகவே, அதை மண் பிடித்துவைக்காது. கரைந்த யூரியாவில் ஒரு பகுதி சரிவில் ஓடும் நீரோடு ஓடைக்குப் போகிறது. முன்பே நைட்ரேட்டாக மாறியிருந்த தழைச்சத்தின் நிலையும் அதுதான். நைட்ரேட் எதிர்மின் ஏற்றம் கொண்டது. களிமண் அதை ஈர்ப்பதில்லை. மழைநீர் அதை வேர்களுக்கு எட்டாத ஆழத்துக்குக் கொண்டுசெல்கிறது. மழை நாள்கணக்கில் நீடித்தால் மண்ணில் காற்று குறைகிறது. அப்போது நைட்ரேட் நீக்கம் செய்யும் பாக்டீரியாக்கள் விழித்துக்கொண்டு, எஞ்சிய நைட்ரேட்டை வளியாக மாற்றுகின்றன.

உரம் ஒன்றே, சரிவும் ஒன்றே. வானிலை மாறியதும் நுண்ணுயிர்களின் வேலை மாறியது, விளைவும் மாறியது. கேமரன் மலையில் ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்கிறது. ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் மழை உச்சத்தை எட்டுகிறது. இந்நாள்காட்டியை அறியாமல் உரமிடுவது, ஓட்டைப் பானையில் நீர் ஊற்றுவதற்கு ஒப்பாகும்.

குளிர் காக்கும் செல்வம்

மழை சத்தைக் கரைக்கிறது என்றால், குளிர் அதைச் சேமிக்கிறது. கேமரன் மலையின் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 18 பாகை செல்சியஸ். தாழ்நிலத்தில் அது ஏறத்தாழ 27 பாகை. வெப்பநிலை 10 பாகை உயரும்போது நுண்ணுயிர்களின் செயல்வேகம் பொதுவாக இரு மடங்காகும் என்பர். எனவே, தாழ்நிலத்தில் விரைவாக மட்கும் சருகு, மலையில் மெல்லவே மட்குகிறது. சருகு சேரும் வேகத்தைவிட மட்கும் வேகம் குறைவாக இருப்பதால், மலைமண்ணில் கரிமப்பொருள் படிந்து கருமையேறுகிறது.

இதன் உச்சநிலையைப் பிரிஞ்சாங் மலையுச்சியின் பாசிக்காட்டில் காணலாம். அங்கே எப்பொழுதும் மேகமும் ஈரமும் சூழ்ந்திருக்கும். மண்ணின்மேல் பஞ்சுபோல் மெத்தென்று சருகும் பாசியும் படிந்திருக்கும். அதில் தழைச்சத்து இல்லாமலில்லை. பூட்டிய பெட்டிக்குள் இருக்கிறது. பெட்டியைத் திறக்கும் நுண்ணுயிர்கள் குளிரிலும் நீர் தேங்கிய அமிலச் சூழலிலும் மிக மெதுவாகவே இயங்குகின்றன. அதனால் மரங்கள் குட்டையாக வளர்கின்றன. அங்குள்ள குடுவைச் செடிகளோ வேறு வழி கண்டுள்ளன. அவை தம் குடுவைக்குள் வழுக்கி விழும் பூச்சிகளைச் செரித்து, மண் தராத தழைச்சத்தைப் பெற்றுக்கொள்கின்றன.

காட்டை அழித்து மண்ணை வெயிலில் திறந்துவிடும்போது இந்தப் பெட்டி திடீரெனத் திறக்கிறது. மண் சூடேறுகிறது, காற்று புகுகிறது, நுண்ணுயிர்கள் விரைந்து இயங்குகின்றன. நூற்றாண்டுகளாகச் சேர்ந்த தழைச்சத்து சில ஆண்டுகளில் வெளிப்படுகிறது. புதிதாகத் திருத்திய நிலத்தில் முதல் விளைச்சல் செழிப்பாக இருப்பதற்கும், பின்னர் உரத்தின் தேவை கூடிக்கொண்டே போவதற்கும் இதுவே காரணம்.

மலையில் இட்டது பள்ளத்தில்

வீணான சத்து மறைந்துபோவதில்லை. வேறோர் இடத்தில் வேறொரு வடிவில் வெளிப்படுகிறது. ஓடைகளில் இறங்கும் தழைச்சத்தும் மணிச்சத்தும் நீர்த்தேக்கங்களில் பாசியையும் நீர்த்தாவரங்களையும் பெருகச் செய்கின்றன. அவை மடிந்து அழுகும்போது நீரிலுள்ள உயிர்வளி குறைந்து மீன்கள் திணறுகின்றன. குடிநீரில் நைட்ரேட் மிகுந்தால் கைக்குழந்தைகளின் குருதி உயிர்வளியைச் சுமக்கும் திறனை இழக்கும். அதனால்தான், ஒரு லிட்டர் குடிநீரில் நைட்ரேட் 50 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்று உலகச் சுகாதார நிறுவனம் வரையறுத்துள்ளது.

சத்து தனியே போவதும் இல்லை. பல வேளைகளில் மண்ணையும் அழைத்துக்கொண்டு போகிறது. செங்குத்தான சரிவில் மூடாத நிலத்தின்மேல் அடைமழை விழுந்தால், முதலில் அரித்துச் செல்லப்படுவது கரிமப்பொருளும் நுண்ணுயிர்களும் நிறைந்த மேல்மண்தான். 1963-ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்ட சுல்தான் அபு பக்கார் அணை, ரிங்லெட் நீர்த்தேக்கத்தைத் தாங்கி நிற்கிறது. அந்நீர் சுரங்கவழியாகப் பேராக் பக்கம் இறங்கி மின்சாரம் உண்டாக்குகிறது. மலைச் சரிவுகளிலிருந்து வந்து சேர்ந்த வண்டல், நீர்த்தேக்கத்தின் கொள்ளளவைப் பெருமளவு குறைத்துவிட்டது. கொள்ளளவு குறைந்த நீர்த்தேக்கம் பெருமழையைத் தாங்கிக்கொள்ளும் அளவும் குறைகிறது. 2013-ஆம் ஆண்டு அக்டோபர் 23-ஆம் நாள் கனமழையின்போது அணையிலிருந்து நீர் திறந்துவிடப்பட்டது. லெம்பா பெர்த்தாமில் வெள்ளமும் சேறும் புகுந்து உயிர்களைப் பறித்தன, வீடுகள் அழிந்தன. மேட்டில் மண்ணைக் காப்பது பள்ளத்தில் உயிரைக் காப்பதாகும் என்பதை அந்நாள் உணர்த்தியது.

காற்றுக்குப் போகும் பங்கும் பொருட்படுத்தத்தக்கதே. நைட்ரேட் நீக்கம் அரைகுறையாக முடியும்போது வெளிப்படும் நைட்ரஸ் ஆக்சைடு, நூறாண்டுக் கணக்கில் பார்த்தால் கரிவளியைவிட ஏறத்தாழ 273 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும். வளிமண்டலத்தில் அது நூறாண்டுக்கு மேல் நீடிக்கிறது. ஓசோன் படலத்தையும் அரிக்கிறது. மண்ணில் இடும் நைட்ரஜனில் ஏறத்தாழ ஒரு விழுக்காடு இவ்வளியாக மாறுவதாகப் பன்னாட்டுக் கணக்கீடுகளில் கொள்வர். தேயிலை மண்ணில் இப்பங்கு கூடுதலாக இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. நைட்ரேட் நீக்கத்தின் கடைசிப் படியைச் செய்யும் நொதியை அமிலத்தன்மை முடக்குவது அதற்கு ஒரு காரணம். வேலை பாதியில் நிற்க, நைட்ரஸ் ஆக்சைடு அப்படியே வெளியேறுகிறது.

மண்ணும் தன் பங்குக்குத் தண்டனை பெறுகிறது. அம்மோனியம் நைட்ரேட்டாக மாறும் ஒவ்வொரு முறையும் அமிலம் உண்டாகிறது. ஆண்டுக்கணக்கில் தேவைக்கு மேல் உரமிட்டால், அமிலத்தை விரும்பும் தேயிலைக்கே தாங்காத அளவுக்கு மண் புளித்துவிடும். 'அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு' என்னும் பழமொழி இங்கே சொல்லுக்குச் சொல் பொருந்துகிறது.

தோட்டத்தார் கையிலுள்ள வழிகள்

இச்சிக்கலுக்குத் தீர்வு உரத்தை அடியோடு நிறுத்துவதன்று. நுண்ணுயிர்களோடும் வானிலையோடும் ஒத்துழைப்பதே தீர்வாகும்.

முதலாவது, பகுத்து இடுதல். ஓராண்டுக்குரிய உரத்தை ஒரே தடவையில் கொட்டாமல், பல தவணைகளாகப் பிரித்து இட்டால், செடி எடுத்துக்கொள்ளும் வேகமும் உரம் கரையும் வேகமும் ஒத்துப்போகும். அடைமழைக் காலத்தையும் கடும் வறட்சியையும் தவிர்த்து, மண் ஈரமாக இருக்கும் நாளில் இடுவது நல்லது. மண்ணையும் இலையையும் ஆய்ந்து பார்த்து அளவை முடிவு செய்தால் வீண்செலவு குறையும்.

இரண்டாவது, கவாத்துக் கழிவைக் காப்பது. தேயிலைச் செடிகளை மூன்று, நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை கவாத்து செய்வர். வெட்டிய கிளைகளையும் இலைகளையும் விறகுக்கு அகற்றாமல் வரிசைகளுக்கிடையே பரப்பிவிட்டால், மழைத்துளியின் அடியிலிருந்து மண் காக்கப்படும். அவை மெல்ல மட்கித் தழைச்சத்தைத் திருப்பித் தரும். எனினும், மரத்தூள் போன்று கரிமம் மிகுந்து நைட்ரஜன் குறைந்த பொருளைப் புதைத்தால், நுண்ணுயிர்கள் தம் தேவைக்காக மண்ணிலுள்ள தழைச்சத்தையே எடுத்துக்கொள்ளும். செடி சிறிது காலம் பட்டினி கிடக்கும். ஆகையால், எதை மண்ணுக்குக் கொடுக்கிறோம் என்பதும் முக்கியமாகும்.

மூன்றாவது, தழைச்சத்து தரும் மரங்கள். இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில் முள்முருங்கையும் கிளிரிசிடியாவும் நிழல் மரங்களாக வளர்க்கப்படுகின்றன. இவை அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தவை. இவற்றின் கிளைகளைக் கழித்து மண்ணில் இடும்போது, வேர்முடிச்சுப் பாக்டீரியா காற்றிலிருந்து பிடித்த தழைச்சத்து தேயிலைக்கு வந்து சேர்கிறது. தமிழகத்தின் நீலகிரி, வால்பாறைத் தோட்டங்களில் பரவலாகக் காணப்படும் சில்வர் ஓக் மரம் நிழல் தரும். காற்றின் வேகத்தைத் தணிக்கும். ஆனால், அது அவரைக் குடும்பத்தைச் சேர்ந்ததன்று. காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துத் தராது.

நான்காவது, நுண்ணுயிர்களின் வேகத்தைத் தணித்தல். வேப்பெண்ணெய் பூசிய யூரியா மெல்லக் கரைகிறது. நைட்ரேட்டாக்கும் நுண்ணுயிர்களின் வேகத்தையும் வேம்பு மட்டுப்படுத்துகிறது. அம்மோனியம் அம்மோனியமாகவே நீடித்தால், அதை விரும்பும் தேயிலைக்கு நன்மை, ஆற்றுக்கும் நன்மை. இந்தியாவில் உற்பத்தியாகும் யூரியா முழுவதற்கும் வேம்பு பூச வேண்டும் என்று 2015-ஆம் ஆண்டு அந்நாட்டு அரசு விதித்தது. தமிழர் வீட்டு வாசலில் நின்ற வேம்பு இன்று வயலையும் காக்கிறது.

ஐந்தாவது, மண்ணை மூடி வைத்தல். நன்கு வளர்ந்த தேயிலைச் செடிகள் கூரைபோல் சரிவை மூடி, மண்ணைப் பிடித்துவைக்கின்றன. இடைவெளி விழுந்த இடங்களிலும் புதுக்கன்று நட்ட இடங்களிலும் காய்கறிப் பாத்திகளிலும்தான் ஆபத்து மிகுதி. அங்கே மூடுபயிரும் படிக்கட்டு வரப்புகளும் ஓடைக்கரையில் விட்டுவைக்கும் புல்லும் மரங்களும் தழைச்சத்தையும் மண்ணையும் தடுத்து நிறுத்தும்.

மாறிவரும் காலநிலை

உலகம் வெப்பமடைந்து வருகிறது. மலையின் குளிர் குறைந்தால், மண்ணில் பூட்டிக் கிடக்கும் தழைச்சத்தை நுண்ணுயிர்கள் இன்னும் விரைவாகத் திறக்கும். அது செடிக்கு நன்மை என்று தோன்றலாம். ஆனால், செடி எடுத்துக்கொள்ளும் வேகத்தைவிட வெளிப்படும் வேகம் கூடினால், மிச்சம் ஆற்றுக்கும் காற்றுக்கும்தான் போகும். வெப்பக் காற்று மிகுந்த நீராவியைச் சுமப்பதால் மழை பெய்யும்போது கொட்டித் தீர்க்கும். கடும் மழை, கரைந்த சத்தை வேகமாக அடித்துச் செல்லும். நனைந்த மண் வெளியிடும் நைட்ரஸ் ஆக்சைடு உலகை மேலும் சூடாக்கும். காலநிலை நுண்ணுயிர்களை மாற்றுகிறது. நுண்ணுயிர்கள் காலநிலையை மாற்றுகின்றன. இச்சக்கரத்தின் வேகத்தைக் குறைக்கும் பிடி, ஓரளவேனும் உரமிடும் மனிதனின் கையில் இருக்கிறது.

தேயிலைத் தோட்டத்தில் கண்ணுக்குத் தெரியும் உழைப்பாளிகள் கொழுந்து பறிப்பவர்களும் கவாத்து வெட்டுபவர்களும் உரம் சுமப்பவர்களும் ஆவர். அவர்கள் காலடியில் கண்ணுக்குத் தெரியாத கோடானுகோடி உழைப்பாளிகள் இரவு பகலாக இயங்குகின்றனர். அவர்களுக்குக் கட்டளையிட மனிதனால் முடியாது. ஆனால், எப்போது, எவ்வளவு, எந்த வடிவில் உணவு கொடுப்பது என்பதை அவனால் முடிவு செய்ய முடியும். அம்முடிவைப் பொறுத்தே, மூட்டையிலிருந்த தழைச்சத்து கொழுந்தாகிக் கோப்பையில் மணக்கும், அல்லது வீணாகிப் பெர்த்தாம் ஆற்றில் கலக்கும்.